ஐந்து வருடப் படிப்புக்கு எந்த லேப்டாப்?

அப்பா: யாழினிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க். (கட்டடக்கலை) இடம் உறுதியாகிவிட்டது. அடுத்த கவலை லேப்டாப். இரண்டில் வந்து நிற்கிறோம். ஆப்பிளின் மேக்புக் ஏர் எம்4, 13 அங்குலம், மாணவர் விலை 89,900 என்று பார்த்தோம். விண்டோஸில் ஓடும் லெனோவோ எல்ஓக்யூ, 15.6 அங்குலம், ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டுடன் கடையில் 92,000 சொன்னார்கள். இரண்டிலும் ராம் 16 ஜிபி. எதை எடுக்கலாம்?

சித்தி: எடை எவ்வளவு? எங்கள் வீட்டிலிருந்துதானே தினமும் கிண்டிக்குப் போகப்போகிறாள். காலை நேரத்துத் தாம்பரம் மின்சார ரயிலில் நிற்கவே இடமிருக்காது.

யாழினி: ஏர் 1.24 கிலோ சித்தி. லெனோவோ 2.4 கிலோ, சார்ஜரையும் சேர்த்தால் மூன்றைத் தொடும். வரைபடத் தாள் வைக்கும் ஷீட் டியூப், கோடு போடும் டி-ஸ்கொயர், கட்டட மாடல் எல்லாம் தனி.

சித்தி: பிறகு என்ன யோசனை? ஏரையே வாங்குங்கள்.

மதுரை மாமா: நானும் அதைத்தான் சொல்வேன். என்னிடம் இருப்பது பழைய எம்1 மேக்புக். இன்றும் அலுவலகத்துக்குச் சார்ஜர் எடுத்துப்போவதில்லை.

கார்த்தி அண்ணன்: உங்கள் வேலைக்கு அது அருமையான கருவி மாமா. இவள் படிப்புக்கு முதலில் மென்பொருளைப் பார்க்க வேண்டும். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், அதை நிஜப் படம்போல் காட்டும் லூமியன் ப்ரோ மூன்றும் விண்டோஸில் மட்டும்தான். லூமியனுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். வரைவதற்கான ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்றால் இரண்டிலும் ஓடும்.

மதுரை மாமா: மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்ளலாமே?

கார்த்தி அண்ணன்: பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸ் போட பூட் கேம்ப் என்ற வசதி இருந்தது. ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம் வரிசையில் அது கிடையாது. மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம், ஆனால் அப்படி ஓட்டும் ரெவிட்டுக்கு அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் ஆதரவு தருவதில்லை. ஜூரிக்கு, அதாவது வடிவமைப்பை ஆசிரியர்கள் மதிப்பிடும் நாளுக்கு, முந்தைய இரவு அது நின்றுபோனால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பாள்?

யாழினி: முதல் வருடம் பெரும்பாலும் கையால்தான் வரைய வேண்டும் என்று சீனியர் அக்கா சொன்னார் அண்ணா. அதற்கு ஏன் மூன்று கிலோ?

கார்த்தி அண்ணன்: தினமும் தூக்க வேண்டாம். ரெண்டர், அதாவது வடிவமைப்பை நிஜப் படம்போல் மாற்றுவது, இரவில், வீட்டில். ரிவ்யூவுக்கு பிடிஎஃப் எடுத்துப்போனால் பெரும்பாலும் போதும். அலுவலகத்தில் நானும் அப்படித்தான் செய்கிறேன். இன்னொன்று, ஏரில் விசிறி இல்லை. அரை மணி நேர ரெண்டர் என்றால் சூடேறி வேகம் குறைந்துவிடும். அதில் ராமையும் எஸ்எஸ்டி சேமிப்பிடத்தையும் வாங்கிய பிறகு கூட்ட முடியாது. லெனோவோவில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, மூன்றாம் வருடத்தில் ராமை 32 ஆக்கிக்கொள்ளலாம். ஐந்து வருடப் படிப்புக்கு எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சித்தி: தினமும் தூக்க வேண்டாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்பா: முதல் செமஸ்டர் கையால் வரைவதுதான் என்றால் தீபாவளி போனஸ் வரும்வரை பொறுக்கலாமா கார்த்தி? இப்போது வாங்கினால் கடன் அட்டையில்தான்.

கார்த்தி அண்ணன்: தாராளமாகப் பொறுக்கலாம் சித்தப்பா. வட்டி கட்டி வாங்க வேண்டிய அவசரமே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரே பெயரில் பல வகைத் திரைகள் வருகின்றன. எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று எழுதியிருப்பதையே எடுங்கள். மங்கலான திரையில் நிறம் பார்த்து ஷீட் அச்சடித்தால் உழைப்பெல்லாம் வீண்.

யாழினி: சரி அண்ணா. ஆனால் ஸ்கெட்ச்அப்பை இப்போதே பழக ஆசையாக இருக்கிறது.

சித்தி: இங்கே எங்கள் வீட்டில் சித்தப்பாவின் டெஸ்க்டாப் சும்மாதான் கிடக்கிறது. அதில் ஓடுமா என்று ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துச் சொல் கார்த்தி. மதியம் இங்கேயே சாப்பிடலாம்.

கார்த்தி அண்ணன்: வருகிறேன் சித்தி.