தங்கை கென்யா போகிறாள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு பள்ளியில் தன்னார்வ ஆசிரியையாக வேலை செய்யப் போகிறாள். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் தனியாகப் போவது இதுதான் முதல் முறை.

விடியற்காலை பல்லவனைப் பிடித்து எழும்பூர், இரவு சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து நைரோபி, அப்புறம் உள்நாட்டு விமானத்தில் கிசுமு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டாயிற்று. போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், அதனால் முன்கூட்டியே முடித்துவிட்டோம். மின்னணுப் பயண அனுமதியும் வந்துவிட்டது.

எனக்குக் கவலை நைரோபிதான். கிசுமு டிக்கெட் தனியாக எடுத்தது. அப்படியென்றால் பெட்டியை நைரோபியில் எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டுமா? நடுவில் 3 மணி நேரம்தான் இருக்கிறது, போதுமா?

இன்னொன்று. அப்பத்தா சீப்புச்சீடையும் கைமுறுக்கும் எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடி திறக்காமலிருக்கத் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அங்கே சுங்கத்தில் விடுவார்களா?

அந்த வழியில் போனவர்களும் நைரோபியில் இருக்கும் நம்மவர்களும் தயவுசெய்து பதில் போடுங்கள். வருகிற வியாழன் கிளம்புகிறாள்.