உவர்மலை வீட்டார் குழு: அம்மம்மாவுக்குக் குளிருது

வதனி சித்தி: கண்ணன், படத்தில அம்மா குல்லாவும் கம்பளியுமா இருக்கிறா. வீட்டுக்குள்ளேயா??

கண்ணன்: ஓம் சித்தி. வீட்டைச் சூடாக்கிற காஸ் பொய்லர் நேற்று இரவு நின்றுவிட்டது. திருத்த வந்தவன் இனி இதில் காசு போடாதீர்கள் என்று சொல்லிவிட்டான். வெளியே மைனஸ் 6.

சிவா மாமா: அதுக்குத்தான் மாரியில ஜெர்மனிக்கு அனுப்பாதே என்றனான்

வதனி சித்தி: அண்ணா தொடங்காதே

கண்ணன்: இப்போதைக்கு இரண்டு கரண்ட் ஹீட்டர் ஓடுது. ஒன்றின் மேல் அம்மம்மா காலை நீட்டிக்கொண்டு இருக்கிறா, பக்கத்தில் யாரையும் விடமாட்டா. நான் ஹீட் பம்ப் போடலாம் என்று யோசிக்கிறேன். கூரையில் சோலாரும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு வரும்.

சிவா மாமா: 35 வருசம் கரண்ட் கந்தோரில இருந்தனான். ஒன்றைக் குடுத்தா மூன்று வருமோ?

கண்ணன்: அது சூட்டை உண்டாக்கிறதில்லை மாமா, வெளியே இருக்கிறதை உள்ளே கொண்டுவருது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. உள்ளே ஓடுற திரவம் மைனஸிலும் கொதிச்சு வாயுவாகும், அதனால் குளிர்க்காற்றிலிருந்தும் சூட்டை உறிஞ்சும். கம்பிரசர் அமுக்கினதும் அது இன்னும் சூடாகும், அந்தச் சூடு அறைகளைச் சூடாக்கிற ரேடியேட்டர் தண்ணிக்குப் போகும். குளிர் கூடக் கூட மூன்று இரண்டரை ஆகும், இரண்டும் ஆகும். தண்ணி 55 பாகைக்குள் இருந்தால்தான் லாபம், எங்கட பழைய ரேடியேட்டர் சின்னது, இரண்டு மூன்றை மாற்றவேணும்

தர்சி: வாசிச்சு முடிக்க விடியும் மச்சான்

சிவா மாமா: கன்னியாச் சுடுதண்ணிக் கிணத்துத் தண்ணியைக் குழாயில அனுப்பவா

தர்சி: ஏழு கிணறும் அப்பம்மாவின் ஒரு குளியலுக்குக் காணாது

கண்ணன்: பகிடி இல்லை, நிலத்தைத் துளைச்சுச் சூடு எடுக்கிற வகையும் உண்டு. செலவு கூட. எங்கட வளவுக்குள் மெஷின் வராது.

வதனி சித்தி: இங்க மூன்று நாளா மழை. பொங்கலுக்கு முற்றம் காயுமோ தெரியாது

சிவா மாமா: சோலார் போட்டால் பில்லே வராதே. சம்பூரில நிலக்கரி கரண்ட் நிலையம் என்று தொடங்கி இப்ப 120 மெகாவாட் சோலார் என்கிறாங்கள்

கண்ணன்: அங்கதான் சிக்கல் மாமா. சூடு தேவைப்படுற தை மாசத்தில்தான் இங்க வெயில் இல்லை. கோடையில் வாறதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் பெரிசு. பற்றரி பகல் கரண்டை இரவுக்கு வைக்கும், ஆனியில் சேர்த்ததைத் தைக்கு வைக்காது. கோடையில் மிஞ்சுறதை லைனுக்கு விற்று, மாரியில் வாங்கவேண்டியதுதான். வருசக் கணக்குக்கு நல்லது, பில் இல்லை என்பது பொய்.

வதனி சித்தி: காசு?

கண்ணன்: அரசாங்க மானியம் 70 வீதம் வரை உண்டு, எங்கட சம்பளத்துக்கு அவ்வளவு தரமாட்டாங்கள். மிச்சத்துக்கு உப்புவெளிக் காணிக் காசு...

வதனி சித்தி: அண்ணா?

தர்சி: அப்பா பார்த்திட்டார், நீல டிக் விழுந்திட்டுது

சிவா மாமா: அதைக் குழுவில கதைக்காதே. பிறகு எடுக்கிறன். முதல்ல அம்மாவைத் திருப்பி அனுப்பு

கண்ணன்: டிக்கெட் பங்குனிக்குத்தான் மாமா. கேட்டால் அவவும் வரமாட்டாவாம், அங்க நுளம்பாம்.

தர்சி: ஹாஹா

வதனி சித்தி: சரி, மண்பானையா அலுமினியமா, யாராவது சொல்லுங்கோ. நான் சந்தையில நிக்கிறன்