வேரிகோசில்: விரை சிறுத்தாலே ஆபரேஷனா?

மாறன்:
ஸ்கேனில் இடது விரை 11 மி.லி., வலது 16. கூடவே கிரேடு 2 வேரிகோசில், அதாவது நின்றபடி தொட்டாலே புடைத்த சிரைகள் தட்டுப்படும் நிலை. இப்படி ஒரு ரிப்போர்ட் வந்த பிறகும் "பொறுத்துப் பார்ப்போம்" என்பதை என்னால் ஏற்க முடியாது. விரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு விந்தணு உருவாகும் நுண்குழாய்கள்தான். விரை சிறுத்தால் அடி விழுவது அவற்றுக்கே. இடது விரைச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. வால்வு கெட்டால் ரத்தம் பின்னோக்கி இறங்கித் தேங்கும். உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டிய விரைப்பை சூடாகும். காரணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் காத்திருக்க வேண்டும்?

செல்வி:
முதலில் அந்த 11 எப்படி வந்தது என்று கேளுங்கள். 4.2 × 2.8 × 2.0 செ.மீ. உள்ள விரையை 0.71 ஆல் பெருக்கினால் 16.7 மி.லி. அதே அளவுகளை 0.52 ஆல் பெருக்கினால் 12.2. இரண்டு சூத்திரமும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய ரிப்போர்ட் ஒன்றிலும் புதியது மற்றொன்றிலும் இருந்தால், சுருங்காத விரையும் சுருங்கியதாகத் தெரியும். ஸ்கேன் கருவியின் ப்ரோபை அழுத்திப் பிடித்தால் விரை தட்டையாகிவிடும், சாய்த்துப் பிடித்தால் நீளம் குறையும். விரையை ஒட்டியிருக்கும் குழாய்ச் சுருளான எபிடிடிமிஸின் தலைப்பகுதியையும் சேர்த்து அளந்துவிட்டால் கன அளவு கூடிவிடும்.

அளவு சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வேரிகோசில் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் தந்தையாகிறார்கள். வயது வந்தவருக்கு அளவு வித்தியாசம் மட்டுமே சிரைகளைக் கட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. வேரிகோசில் கைக்குத் தட்டுப்பட வேண்டும், குழந்தைக்கு முயன்றும் தங்காமல் இருக்க வேண்டும், விந்துப் பரிசோதனையிலும் குறை தெரிய வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரியும் வேரிகோசிலைக் கட்டிப் பயனில்லை.

மாறன்:
2011இல் வெளியான ஆய்வில் 145 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டில் ஆபரேஷன் செய்த பிரிவில் 32.9 சதவீதம் கருத்தரிப்பு, செய்யாத பிரிவில் 13.9. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செல்வி:
அதில் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தொட்டால் தெரியும் வேரிகோசிலும் விந்தில் குறையும் இருந்தன. நான் கேட்கும் நிபந்தனையும் அதுதானே! 1998இல் வந்த இன்னொரு குலுக்கல் ஆய்வில், கருத்தரிப்பு சிகிச்சை பெற்ற பிரிவில் 29 சதவீதம், ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 25.4. யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

பதின்வயதினர் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் அதிகம். விந்துப் பரிசோதனை எளிதல்லாத வயது அது, வளர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் 6 முதல் 12 மாதம் விட்டு அதே முறையில் மறுபடி அளப்பார்கள். குறையாமல் நின்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். பலருக்குச் சிறுத்த விரை ஆபரேஷனுக்குப் பிறகு வளர்ந்து ஈடுகட்டுகிறது. ஆனால் சிலருக்கு ஆபரேஷன் இல்லாமலும் அது நடக்கிறது, ஒரே ஸ்கேனை வைத்து அவசரப்படக் கூடாது என்பது அதனால்தான்.

ரஹீம்:
செய்வதென்று முடிவானால் எந்த முறை என்பதை விட்டுவிடாதீர்கள். மைக்ராஸ்கோப் வைத்து, இடுப்பு மடிப்புக்குக் கீழே சின்னக் கீறலில் செய்வதுதான் நல்லது. விரைக்குப் போகும் தமனி மிக மெல்லியது. அதைத் தவறிக் கட்டினால், காப்பாற்ற வந்த விரையே சுருங்கலாம். நிணநாளத்தைக் கட்டினால் விரையைச் சுற்றி நீர் கோர்க்கும் ஹைட்ரோசில் வரும். சின்னச் சிரை ஒன்று விடுபட்டால் வேரிகோசில் திரும்பும். மைக்ராஸ்கோப் முறையில் இவை குறைவு.

மாறன்:
முறை பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அப்படியானால் விந்துப் பரிசோதனையை உடனே செய்யட்டும்.

செல்வி:
செய்யட்டும், ஆனால் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து. விந்தணுக்கள் ஒரு மி.லி.க்கு 1.6 கோடிக்குக் கீழே, முன்னேறி நீந்துபவை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும், எனவே ஆபரேஷனுக்குப் பின் 3 மாதம் கழியாமல் பலன் பார்க்க முடியாது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் அந்த மாதங்கள் பெரிய செலவு. அவரது முட்டை இருப்பைப் பார்க்காமல் கணவருக்கு மட்டும் தேதி குறிப்பதை நான் எதிர்க்கிறேன்.