நேரம் ஒதுக்கி வந்தவர்களுக்கு நன்றி

குழு: ஆச்சி வீடு (34 பேர்)

வெள்ளிக்கிழமை

இரவு 8:42
சிதம்பரம் மாமா: பங்குனி உத்திரத்துக்கு நேரம் ஒதுக்கி சாஸ்தா கோவிலுக்கு வந்த சொந்தங்கள் எல்லோருக்கும் நன்றி. கூட்டம் அதிகம் என்றாலும் பொங்கல் நல்லபடியாக முடிந்தது. படங்கள் கீழே.

[23 படங்கள்]

8:46
செல்வி அத்தை: எங்கள் பரணில் கிடந்த ஒரு பழைய எவர்சில்வர் தூக்குச்சட்டியில்தான் இன்று பொங்கல் எடுத்துப் போனேன். மூடியில் க.ரா. என்று கொத்தியிருக்கிறது. நம் வீட்டுப் பெயர் மாதிரி இல்லை. யாருடையது என்று சொன்னால் கொடுத்துவிடுவேன். 7ஆவது படத்தில் இருக்கிறது பாருங்கள்.

8:58
செந்தில் அண்ணன்: நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் சாஸ்தா பொதுதான் மாமா.

8:59
முத்து: [கட்டைவிரல் குறி]

9:02
சிதம்பரம் மாமா: நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை மாப்பிள்ளை. வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். அதுவும் குற்றமா?

9:03
செந்தில் அண்ணன்: வந்தவர்களுக்கு நன்றி என்றாலே போதுமே. "நேரம் ஒதுக்கி" என்பது எதற்கு? வராதவன் நேரம் ஒதுக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

9:05
சிதம்பரம் மாமா: 18 வருடமாக வேன் பேசுவது, பூசாரிக்குச் சொல்வது, விறகுக்குச் சொல்வது எல்லாம் நான். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறாய்.

9:06
செந்தில் அண்ணன்: செய்ததைச் சொல்லிக்காட்ட வேண்டாம் மாமா.

9:07
செல்வி அத்தை: என்ன பேச்சு இது செந்தில்? மாமாவிடம் பேசுகிற முறையா? முத்து, நீயும் அதற்குக் கட்டைவிரல் போடுகிறாய். உனக்கும் அதே எண்ணம்தானா?

9:09
முத்து: அய்யோ அத்தை, படித்துவிட்டேன் என்பதற்காகப் போட்டது. ஆபீஸ் குழுவில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம்.

9:10
சிதம்பரம் மாமா: இது ஆபீஸ் இல்லை தம்பி.

9:14
செந்தில் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

9:15
செல்வி அத்தை: என்ன எழுதி அழித்தாய்? தைரியம் இருந்தால் எல்லோரும் பார்க்கத் திரும்பப் போடு.

9:31
கவிதா: அத்தை, செந்தில் அண்ணன் குழுவை விட்டுப் போய்விட்டார். நான் அட்மின் என்பதால் அறிவிப்பு என் போனுக்கு வந்தது. இனி இன்றிரவு யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அட்மின் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்ட வழி இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் மாமா வாயை நான் அடைத்த மாதிரி ஆகும். அதனால் பூட்டவில்லை. காலையில் பேசுவோம்.

11:48
சிதம்பரம் மாமா: என் செய்தியை அழுத்திப் பிடித்து யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். 29 பேர் படித்திருக்கிறீர்கள். ஒருவர்கூட எனக்காக ஒரு வார்த்தை எழுதவில்லை.

சனிக்கிழமை

காலை 6:10
பெரியப்பா: மாப்பிள்ளை, அந்த 29 பேரில் நான் இல்லை. 8 மணிக்கே படுத்துவிட்டேன். இப்போதுதான் கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தரம் படித்தேன். உங்கள் முதல் செய்தியில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. செந்தில் ஏன் சுருக்கென்று எடுத்துக்கொண்டான் என்பதும் எனக்கு விளங்குகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று கேட்பீர்கள். பல் தேய்த்துக் காப்பி குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

6:52
பெரியப்பா: நான் 36 வருடம் தபால் வேலை பார்த்தவன். முதல் பத்து வருடம் கிராமத்து ஆபீஸ்களில்தான். எழுதத் தெரியாதவர்கள் இன்லண்டு லெட்டரை வாங்கி என் கையிலேயே கொடுத்து எழுதித் தரச் சொல்வார்கள். ஓர் அம்மா. மகன் பம்பாயில். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. வெயிலில் நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "எழுதுங்கய்யா, நீ எனக்குப் பிள்ளையே இல்லை என்று எழுதுங்க" என்றார்கள். சரி என்று பேனாவை எடுத்தேன். ஆனால் கடிதம் என்றால் எடுத்த எடுப்பில் அப்படி ஆரம்பிக்க முடியாதே. "அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்கு அனைவரும் நலம், உன் நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு அதை வாசித்துக் காட்டினேன். கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அவனுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்னவோ, முதலில் அதைக் கேளுங்க" என்றார்கள். பிள்ளையே இல்லை என்ற வரி அந்தக் கடிதத்தில் ஏறவே இல்லை.

6:58
பெரியப்பா: "நலம், நலமறிய ஆவல்" என்பதை வெறும் சம்பிரதாயம் என்று நாம் விட்டுவிட்டோம். அதில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. நேரில் வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லி ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்போமே, எழுத்தில் அந்தத் தண்ணீர்தான் அது. இப்போது போனில் எல்லோரும் செருப்போடு நேராக நடுவீட்டுக்குள் வந்து நிற்கிறோம். அப்புறம், கடிதம் பம்பாய் போக மூன்று நாள், பதில் வர மூன்று நாள். அந்த ஆறு நாளில் பாதிக் கோபம் ஆறிவிடும். நேற்று 8:58க்கும் 9:14க்கும் நடுவில் எவ்வளவு நேரம்? 16 நிமிடம். அதற்குள் 18 வருடத்து உழைப்பு வரை போய்விட்டது பேச்சு.

7:20
சிதம்பரம் மாமா: அத்தான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் தந்தியில் இந்த நலமறிய ஆவல் எல்லாம் கிடையாதே. அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லையே.

7:34
பெரியப்பா: நல்ல கேள்வி. தந்தியில் வார்த்தைக்குக் காசு. அதனால்தான் சுருக்கம் என்று அனுப்பியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். வாழ்த்துத் தந்திக்கு எண் போட்ட வாசகங்களே உண்டு. தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. அனுப்புகிறவர் எண்ணை மட்டும் சொன்னால் போதும். "எனக்கு வெறும் எண்ணில் வாழ்த்து அனுப்பிவிட்டான்" என்று யாரும் சண்டைக்குப் போனதில்லை, ஏனென்றால் ஊருக்கெல்லாம் ஒரே வழக்கம். 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. இப்போது முத்து போட்ட கட்டைவிரலுக்கு அவன் ஆபீஸில் ஓர் அர்த்தம், செல்விக்கு வேறு அர்த்தம். பொது வழக்கம் இன்னும் உருவாகவில்லை.

7:41
முத்து: அப்பா சொன்னதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது அத்தை. கனடாவில் சஸ்காட்செவன் என்ற மாகாணம். தானியம் வாங்கும் கம்பெனி ஒன்று 87 டன் ஆளி விதைக்கு ஒப்பந்தம் எழுதி, அதைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் போட்டார். கிடைத்தது என்பதற்காகத்தான் போட்டேன் என்றார் அவர். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம் என்றது கம்பெனி. அவர்களுக்குள் முன்பு நடந்த வியாபாரத்திலும் அவர் குறுஞ்செய்தியிலேயே சரி என்று சொல்லிவந்திருக்கிறார். அதையும் பார்த்து, இது சம்மதம்தான் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 82,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு. நேற்று நானும் அந்த விவசாயி சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் அந்த இடத்தில் போட்டது தப்புதான். மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

7:45
செல்வி அத்தை: சரி சரி. நீ சின்னப் பிள்ளை. நானும் வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

8:05
கவிதா: மாமா, நானும் ஒன்று சொல்கிறேன். இது நம் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை. அந்தச் சிரிக்கும் முகக் குறி பிறந்ததே இப்படி ஒரு குழப்பத்தில்தான். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிகளை இணைத்து ஒரு பொதுப் பலகை வைத்திருந்தார்கள். லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று விளையாட்டாக எழுதப்போக, அதை நிஜமான எச்சரிக்கை என்று சிலர் நம்பிவிட்டார்கள். 1982 செப்டம்பர் 19ஆம் தேதி, அங்கே வேலை பார்த்த ஸ்காட் ஃபால்மன் என்பவர், விளையாட்டாக எழுதினால் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி போடுங்கள் என்றார். சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம். படித்த பேராசிரியர்களுக்கே முகம் இல்லாமல் எழுத்து புரியவில்லை.

8:11
கவிதா: 2005இல் வந்த ஓர் ஆய்வும் உண்டு. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி என்பவர்களும் இன்னும் இருவரும் செய்தது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் எழுதச் சொன்னார்கள். எது எது என்று படிப்பவர் 100க்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் கண்டுபிடித்தது 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வரும். அதையே குரலில் சொன்னபோது 73 வந்தது. நாம் எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது, அதனால் படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். மாமா, உங்கள் செய்தியை நான் உங்கள் குரலில் படித்தேன், சிரித்துக்கொண்டே நீங்கள் சொல்கிற மாதிரி இருந்தது. அண்ணன் வேறு ஏதோ குரலில் படித்திருக்கிறார். அது யார் குரல் என்றுதான் நேற்று இரவு முழுக்க யோசித்தேன்.

8:15
சிதம்பரம் மாமா: அப்படியானால் நான் எழுதியதுதான் தப்பு என்கிறாயா கவிதா?

8:19
கவிதா: இல்லை மாமா. "ஒதுக்கி" என்ற ஒரு சொல்லை 15 நிமிடத்துக்குள் திருத்தியிருக்கலாம், அந்த வசதி 2023இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன். இப்போது மீனா மதினியிடம் பேசப் போகிறேன். அண்ணன் நேற்று போனை எடுக்கவில்லை.

9:40
கவிதா: மதினியிடமும் அண்ணனிடமும் பேசிவிட்டேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன். வியாழக்கிழமை பெங்களூரில் ராஜம் சித்திக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கிறது. மதினிக்கு லீவு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விடுவது அண்ணன்தான். திங்கட்கிழமையே இதைப் போனில் சொன்னேன் என்கிறார்.

9:44
செல்வி அத்தை: என்னிடம்தான் சொன்னான். நான் மறந்தே போனேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது வேன்காரர் வந்து வாசலில் நின்று முன்பணம் கேட்டார். சரி செந்தில், மாமாவிடம் சொல்கிறேன் என்று போனை வைத்தவள்தான். உங்கள் மாமாவிடம் சொல்லவே இல்லை. தப்பு என்மேல்.

9:46
சிதம்பரம் மாமா: எனக்குத் தெரியாது. ராஜத்துக்கு ஆபரேஷன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அப்படி ஒரு வரி எழுதியிருப்பேனா.

9:47
பெரியப்பா: இங்கே எழுதாதீர்கள் மாப்பிள்ளை. அவனுக்குப் போன் போடுங்கள்.

10:32
கவிதா: செந்தில் அண்ணனைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். அவரே சேர்க்கச் சொன்னார்.

10:38
செந்தில் அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா, அம்மா நலம். மாமாவும் நானும் அரை மணி நேரம் பேசினோம். நேற்று நான் அழித்த செய்தியைப் பற்றி அத்தை கேட்டார்கள். "அப்பா இருந்தவரை நாங்கள் ஒரு வருடம்கூட விட்டதில்லை" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் என்னாலேயே அதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அழித்தேன், யாரையும் திட்டி எழுதவில்லை. நேற்று காலையிலிருந்தே அந்த நினைப்புதான். அப்பா போன பிறகு வருகிற இரண்டாவது உத்திரம், அதற்குள் விட்டுவிட்டேனே என்று. அந்த நேரத்தில் மாமாவின் செய்தி வந்தது. கவிதா கேட்டாளே, யார் குரலில் படித்தேன் என்று. அப்பா குரலில்தான் படித்திருக்கிறேன்.

10:43
சிதம்பரம் மாமா: மாப்பிள்ளை, போனில் சொல்ல விட்டுப்போனது ஒன்று. அர்ச்சனையில் உன் பெயர், மீனா பெயர், குழந்தை பெயர் எல்லாம் நட்சத்திரத்தோடு சொல்லித்தான் செய்தேன். உங்கப்பா எப்போதும் துண்டை விரித்து உட்காரும் அந்த மருதமரத்தடியில்தான் நேற்றும் சமுக்காளம் விரித்தோம். இதையெல்லாம் நேற்று இரவே எழுதியிருக்க வேண்டும். நன்றியை மட்டும் எழுதிவிட்டேன்.

10:45
செந்தில் அண்ணன்: தெரியும் மாமா. நேற்று படங்களைத் திறக்கவே இல்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். மரம் அப்படியே இருக்கிறது.

10:47
சிதம்பரம் மாமா: திருநீறும் மையும் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்பட்டுமா?

10:49
பெரியப்பா: ஸ்பீட் போஸ்ட் போதும் மாப்பிள்ளை. நான் பத்தரைக்குப் பென்ஷன் வேலையாகத் தபாலாபீஸ் வந்தேன், இங்கேதான் இருக்கிறேன். உறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். உள்ளே ராஜத்துக்கு நாலு வரி எழுதி வையுங்கள்.

11:20
செந்தில் அண்ணன்: அத்தை, 7ஆவது படத்தில் இருக்கும் தூக்குச்சட்டி எங்களுடையது. அம்மா கல்யாணத்துக்கு வந்த சீர்ப் பாத்திரம். க.ரா. என்றால் கணபதி மகள் ராஜம். ஊர் வீட்டைக் காலி செய்தபோது உங்கள் பரணில் போட்டிருப்போம்.

11:22
செல்வி அத்தை: அதிலா நேற்று சாஸ்தாவுக்குப் பொங்கல் கொண்டுபோனேன்!

11:31
செந்தில் அண்ணன்: மூடியின் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை. மருந்து விட்ட கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு, அந்த இரண்டு எழுத்தையும் அவளே படித்துவிட்டாள்.