பழைய வி.சி.ஆர்., புதிய டிவி: படம் கெடுவது எந்த இடத்தில்?

குடியாத்தம்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அம்மனின் தலை ஊர்வலமாக வரும் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் பெரியப்பா ஆள் வைத்து எடுத்த வி.ஹெச்.எஸ். கேசட் ஒன்றும், என் அக்காவின் திருமணக் கேசட்டுகளும் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்ப்பதற்காக, வளைகுடாவில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் அந்நாளில் கொண்டுவந்த வி.சி.ஆரை வாங்கி வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 43 அங்குல எல்.இ.டி. டிவி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின்களைச் சொருகும் இடம் அதில் இல்லை. ஆகவே ஏ.வி. இணைப்பை ஹெச்.டி.எம்.ஐ. ஆக மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றை இடையில் வைத்து இணைத்திருக்கிறேன்.

படம் வருகிறது, ஆனால் பார்க்கும்படியாக இல்லை. முகங்கள் எல்லாம் பக்கவாட்டில் அகன்று தெரிகின்றன. அக்காவின் சிவப்புக் கூறைப்புடவையின் நிறம் ஜரிகைக் கரையைத் தாண்டி வலப்பக்கமாக வழிந்து, அருகில் நிற்பவரின் வெள்ளை வேட்டியின் மேல் ஏறுகிறது. திரையின் மேல் ஓரத்தில் படம் ஒருபுறமாக வளைந்து, பந்தற்கால்களின் நுனியெல்லாம் நெளிகின்றன. அடி ஓரத்தில் கிழிசலான பட்டை ஒன்று ஓயாமல் துடிக்கிறது. இவை போதாதென்று, மங்கலான கரும்பட்டை ஒன்று திரையில் கீழிருந்து மேலாக மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் படம் அறுந்து திரை முழுவதும் நீலமாகிவிடுகிறது.

வேலூரில் ஒரு கடையில் காட்டியபோது, நாடாவிலிருந்து படத்தை எடுக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது, இனி உதிரிபாகம் கிடைக்காது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. கோளாறு வி.சி.ஆரிலா, கேபிளிலா, இடையிலுள்ள பெட்டியிலா, கேசட்டிலா என்பதை எந்த வரிசையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேலப்பாடி டெக்னீஷியன் எழுதுகிறார்:

தம்பி, நீங்கள் ஆறு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆறுக்கும் காரணம் ஒன்றல்ல. முதலில் ஹெட்டை விட்டுவிடுங்கள். ஹெட் தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளும் கீற்றுகளும் மழையாகக் கொட்டும். இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்துக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒரு ஃபீல்டு (ஒரு படத்தின் பாதி வரிகள்) காணாமல் போய்ப் படம் பொரியும். உங்கள் பட்டியலில் அது இல்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடம் படத்தைப் பார்க்காமல் ஹெட் போய்விட்டது என்று சொல்லி அனுப்புவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

ஆறில் மூன்று கோளாறே அல்ல. முகம் அகல்வதற்குக் காரணம், அக்காலப் படம் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. உங்கள் பெட்டி அதை 16:9 ஆக இழுத்து அனுப்புகிறது. டிவியின் பட அளவு அமைப்பில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள், இரு பக்கமும் கறுப்பு விளிம்பு வந்து முகம் சரியாகிவிடும். அடி ஓரத்துக் கிழிசல் எல்லா வி.ஹெச்.எஸ். படத்திலும் உண்டு. வி.சி.ஆரின் உள்ளே ஹெட்டுகள் பொருத்திய, 62 மி.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. ஒரு ஹெட் விட்ட இடத்தில் அடுத்த ஹெட் படத்தை எடுத்துக்கொள்ளும் தருணம் திரையின் அடியில்தான் விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழைய பிக்சர் டியூப் டிவிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிது வெட்டியே காட்டியதால் அந்தக் கிழிசல் நம் கண்ணில் படவில்லை. இப்போதைய டிவி கடைசி வரி வரை காட்டிக்கொடுக்கிறது.

புடவையின் நிறம் வழிவதும் அப்படித்தான். நம் நாட்டின் பழைய நிற முறையான பி.ஏ.எல். ஒளிபரப்பில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் வந்தது; வி.ஹெச்.எஸ். அதைச் சுமார் 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, மிகக் குறுகிய இடத்தில் அடக்கிப் பதிவு செய்கிறது. கறுப்பு வெள்ளை விவரம் திரையின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்காவது கிடைக்கும். நிறத்துக்குக் கிடைப்பது 40 கோடுகள் அளவுதான். அழுத்தமான சிவப்பில் அது பளிச்சென்று தெரியும், திருமணக் கேசட் என்றாலே சிவப்புதான். டிவியில் நிற அளவைக் குறையுங்கள், ஷார்ப்னெஸை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், ‘விவிட்’ என்ற அமைப்பை மாற்றுங்கள். வழிவது நிற்காது, ஆனால் கண்ணை உறுத்தாது.

ஏறும் கரும்பட்டைதான் உண்மையான கோளாறு. அது எர்த் சம்பந்தப்பட்டது. டிவி ஒரு வழியாக எர்த் ஆகிறது. கேபிள் டிவி ஒயரின் வெளிக்கம்பி கம்பத்திலிருந்து வேறொரு வழியாக எர்த் ஆகிறது. இரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் உங்கள் மஞ்சள் ஒயரின் உறை வழியே ஓடுகிறது. மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, நம் வீடியோவும் விநாடிக்கு 50 ஃபீல்டு; இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் துல்லியமாக ஒன்றாக இல்லாததால் பட்டை ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கிறது. செட்டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டு, செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரையும் எடுத்துவிட்டு, கேசட்டை ஓட்டிப் பாருங்கள். பட்டை மறைந்தால் காரணம் உறுதி. மறையாமல், ஒரே சமயத்தில் இரண்டு பட்டைகள் ஏறுகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது வி.சி.ஆரின் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பொருள். எர்த் பின்னை உடைத்துப் பட்டையைப் போக்கும் வைத்தியம் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது.

மேல் வளைவும் நீலத்திரையும் பற்றி, மேற்சொன்னவற்றைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

காட்பாடி மாணவன் எழுதுகிறார்:

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் டிவியின் பக்கவாட்டில் ‘ஏ.வி.’ என்று எழுதிய சிறு வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய டிவிகளில் மூன்று பின்களுக்குப் பதிலாக ஹெட்போன் துளை அளவிலான 3.5 மி.மீ. துளை ஒன்றுதான் வருகிறது. அதற்கு நான்கு பட்டைகள் கொண்ட பின் உள்ள கேபிள் வேண்டும். இந்தக் கேபிள்களில் வீடியோவும் எர்த்தும் எந்தப் பட்டையில் இருக்கின்றன என்பது எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். பழைய கேம்கோடருடன் வந்த கேபிளைச் சொருகினால் உறுமும் சத்தமும் உருளும் படமும் வரலாம். அப்போது மஞ்சள் பின்னுக்குப் பதிலாகச் சிவப்புப் பின்னை வி.சி.ஆரின் வீடியோ வெளியீட்டில் சொருகிப் பாருங்கள். பல கேம்கோடர் கேபிள்களில் வீடியோ சிவப்பில்தான் வருகிறது. எர்த் பட்டையே மாறியிருந்தால் பின்னை மாற்றிப் பயனில்லை, கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் இரண்டு காரணங்கள்: டிவி அந்த இணைப்பைக் காம்பொனென்ட் (படத்தை மூன்று ஒயர்களில் பிரித்து அனுப்பும் முறை) என்று எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது நிற முறை, அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. என்று நின்றிருக்கலாம். வளைகுடாவிலிருந்து வந்த வி.சி.ஆர். பலவும் பல முறைகளில் ஓடக்கூடியவை. அதிலுள்ள சுவிட்சைப் பி.ஏ.எல். பக்கம் வையுங்கள்.

டிவியில் அந்தத் துளை இருந்தால் இடையிலுள்ள பெட்டியைத் தூக்கிப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. மலிவான பெட்டிகள் பல, 50 ஃபீல்டு படத்தை 60 ஆக மாற்றி அனுப்புகின்றன. கேமராவை மெல்லத் திருப்பும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான்.

ராணிப்பேட்டை ஸ்டூடியோ எழுதுகிறார்:

காட்பாடித் தம்பியின் கடைசிக் கருத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை. சில புதிய டிவிகளின் ஏ.வி. துளை பெயருக்குத்தான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சர்க்யூட் அந்தப் பெட்டியை விட மோசமாக வேலை செய்வதைக் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். எது நல்லது என்பதை வாதாடித் தீர்க்க வேண்டியதில்லை. யாரிடமாவது பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்றை இரவல் வாங்குங்கள். வி.சி.ஆர். இருந்த இடத்தில் அதை வைத்து, அதே மஞ்சள் கேபிள், அதே பெட்டி, அதே டிவி என்று எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். படம் சுத்தமாக வந்தால் கேபிளும் பெட்டியும் டிவியும் குற்றமற்றவை, தேடல் வி.சி.ஆருக்கும் கேசட்டுக்கும் சுருங்கிவிடும். டி.வி.டி.யிலும் படம் மங்கினால் கேபிளைப் பிடியுங்கள்.

கேபிளைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. மஞ்சள் பின்னில் வரும் வீடியோ 1 வோல்ட் அளவுதான். அது 75 ஓம் தடையில் முடிய வேண்டும். ஒரே வெளியீட்டை ஒய் இணைப்பான் போட்டு இரண்டு டிவிக்குப் பிரித்தால் அளவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து படம் இருண்டுவிடும். பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் படத்தில் திடீர் கோடுகள் வரும், பழைய வி.சி.ஆரின் பின்புறத் துளைகளில் அது நிச்சயம் இருக்கும், பின்னைச் சொருகி இடமும் வலமும் சில முறை திருப்பினாலே பாதி போய்விடும்.

கேசட்டைப் போடுவதற்கு முன் ஜன்னல் வழியாக ரீலைப் பாருங்கள். கறுப்பு நாடாவின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணில் கிடந்த கேசட்டுகளில் சகஜம். அதை அப்படியே ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்வதோடு, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். பொடி இல்லையென்றால் முதலில் கடைசிவரை வேகமாக ஓட்டி, மறுபடி தொடக்கத்துக்குச் சுற்றி, பிறகு பாருங்கள். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த நாடாவின் இறுக்கம் ஓரளவு சீராகும்.

குடியாத்தம்வாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. கேபிள் ஒயரைக் கழற்றியதும் கரும்பட்டை அந்த நொடியே மறைந்தது. மீண்டும் சொருகினால் மீண்டும் ஏறுகிறது. 4:3 ஆக்கியதும் முகங்கள் மனித முகங்களாயின. டி.வி.டி. பிளேயரை அதே கேபிளில் இணைத்தபோது படம் தெளிவாக வந்தது. கேசட்டுகளில் பூஞ்சை இல்லை.

திருமணக் கேசட்டுகளில் மேல் வளைவு இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. திருவிழாக் கேசட்டில் மட்டும் வளைவு அப்படியே இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே சிரசு வரும் இடத்தில்தான் திரை நீலமாகிறது. ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமில்லை. அதே இடத்தை எங்கள் எதிர்வீட்டுப் பழைய டியூப் டிவியில் போட்டபோது படம் ஆடியது, ஆனால் அறுபடவில்லை. இதற்கு வழி உண்டா?

வேலப்பாடி டெக்னீஷியன் எழுதுகிறார்:

டியூப் டிவியில் அறுபடவில்லை என்றால், படம் நாடாவில் இருக்கிறது, கவலை வேண்டாம். நாடா வெப்பத்தில் சிறிது நீண்டோ சுருங்கியோ போனால், ஒவ்வொரு வரியும் தொடங்க வேண்டிய நேரம் முன்பின்னாகிறது. ஹெட் மாறிய உடனே வரும் வரிகளில் அந்தப் பிசகு அதிகம் என்பதால் வளைவு திரையின் மேல் ஓரத்தில் தெரிகிறது. டியூப் டிவி அந்தப் பிசகைத் துரத்திப் பிடித்துவிடும்; உங்கள் பெட்டி நேரம் தவறினால் சிக்னலே இல்லை என்று முடிவு கட்டி நீலத்திரையைப் போடுகிறது. நம் ஊர் வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் இருந்த கேசட் என்றால் இதில் வியப்பில்லை.

முதலில் வி.சி.ஆரின் மெனுவில் நீலத்திரையை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் பலவீனமானால் வி.சி.ஆரே நீலம் போடும் மாடல்கள் உண்டு. அது இல்லையென்றால், டி.வி.டி. ரெக்கார்டர் ஒன்றைத் தேடுங்கள். பிளேயர் அல்ல, பதிவு செய்யும் ரெக்கார்டர், ஏ.வி. உள்ளீடு இருக்க வேண்டும். வி.சி.ஆரை ரெக்கார்டரின் உள்ளீட்டில் கொடுத்து, ரெக்கார்டரின் வெளியீட்டைப் பெட்டிக்குக் கொடுங்கள். எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படத்தை வாங்கி, வரிகளின் நேரத்தைச் சரிப்படுத்தி அனுப்பும் வேலையைச் சில மாடல்கள் தாமாகவே செய்கின்றன. எல்லா மாடல்களும் செய்யாது என்பதால், வாங்குவதற்கு முன் அந்தக் கேசட்டை எடுத்துச் சென்று, சிரசு வரும் இடத்தையே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ராணிப்பேட்டை நண்பரிடம் இந்த வேலைக்கென்றே உள்ள டைம்பேஸ் கரெக்டர் இருந்தால் அது இன்னும் உறுதி.

ஒன்று மட்டும்: படம் நிலைக்கும் வழி கிடைக்கும்வரை அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். நாடா நகராமல் நிற்க, ஹெட் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். வழி கிடைத்ததும், முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். அப்போது கேபிள் டிவி ஒயர் கழன்றே இருக்கட்டும்.

ராணிப்பேட்டை ஸ்டூடியோ எழுதுகிறார்:

கரெக்டர் இருக்கிறது. திருவிழாக் கேசட்டோடு உங்கள் வி.சி.ஆரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். ஒரு டெக்கில் (வி.சி.ஆரில்) வளையும் நாடா இன்னொரு டெக்கில் ஒழுங்காக ஓடுவதும் உண்டு, இரண்டிலும் போட்டுப் பார்த்து எது நன்றாக ஓடுகிறதோ அதிலிருந்து எடுத்துவிடலாம்.