வரம்போரத்து மஞ்சள் பூ: இது காட்டுக்கடுகா?

வவுணதீவில் இருந்து கேள்வி:
பெரும்போக வெட்டு முடிந்த வயல் வரம்பிலும் றோட்டோரத்திலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நிற்கிறது. மஞ்சள் பூ, நான்கு இதழ், மேலே நிமிர்ந்த நீளக் காய், உள்ளே கறுத்த பொடி விதை. கனடாவில் இருக்கிற மச்சானுக்குப் படம் அனுப்பினேன். ஐரோப்பாவில் இருந்து வந்து அங்கத்தைய வயல்களைப் பிடித்த காட்டுக்கடுகு (சினாபிஸ் ஆர்வென்சிஸ்) இதுதான் என்கிறார். அது இங்கேயும் வந்துவிட்டதா? அம்மா ஒரு சிரங்கை விதை சேர்த்து வைத்திருக்கிறா, தாளிக்கலாமா என்று கேட்கிறா.

அக்கரைப்பற்றில் இருந்து:
தம்பி, இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! ஒரு காம்பில் மூன்று, ஐந்து என்று சிற்றிலைகள் விரல் போல விரிந்திருக்கிறதா? தண்டைத் தடவினால் ஒட்டுகிறதா?

வவுணதீவு:
ஓம் அக்கா. கீழே ஐந்து, மேலே மூன்று. கை பிசுபிசுக்கிறது, ஒரு கெட்ட மணமும் இருக்கிறது. தண்டில் சின்னப் பூச்சி ஒன்று ஒட்டிச் செத்துக் கிடக்கிறது.

அக்கரைப்பற்று:
அப்படியென்றால் அது நாய்க்கடுகு. நாய்வேளை என்றும் சொல்வார்கள், வெள்ளைப் பூ நல்வேளைக்குச் சொந்தக்காரச் செடி. உங்கள் மச்சான் சொல்வது வேறு. அதன் இலை விரல் விரலாகப் பிரியாது, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும், தண்டில் சொரசொரப்பான மயிர் இருக்கும், பசை இருக்காது. பூவுக்குள் மகரந்தத் தாள்களை எண்ணிப் பாருங்கள்: கடுகு இனத்தில் ஆறுதான், நாலு நீளம், இரண்டு கட்டை. நாய்க்கடுகில் பத்துக்கு மேல் வரும். மறுகா, முற்றிய காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். கடுகுக் காயின் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று தடுப்பாக நிற்கும்.

கொக்கட்டிச்சோலையில் இருந்து:
வட இந்தியாவில் கர்வால் மலைப்பக்கத்தில் இந்த விதையை ஜக்கியா என்று தாளிக்கிறார்கள். இங்கே நான் அறிய யாரும் சமைத்ததில்லை. அம்மாவைக் கறிக்கடுகுப் போத்தலில் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் மனே.

வவுணதீவு:
காயைப் பிளந்தேன், சவ்வு இல்லை. தாள் பதினாலு எண்ணினேன். கண்ணாடி வைத்துப் பார்த்தால் விதையும் கடுகு போல் உருண்டை இல்லை, வரி வரியாகச் சுருண்ட குட்டி நத்தை மாதிரி இருக்கிறது. அம்மா தனிப் போத்தலில் போட்டு மேலே பெயர் எழுதி ஒட்டிவிட்டா. மச்சானுக்கு இலையின் படத்தையும் இப்போதுதான் அனுப்பினேன்.