மருந்து ஆய்வில் அம்மாவைச் சேர்ப்பது குறித்து அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் அம்மாவை, ஒரு புதிய மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஒப்புதல் படிவத்தை நானே வரிவரியாக வாசித்துக் காட்டினேன். "குலுக்கலில் புது மருந்து எனக்குக் கிடைக்காவிட்டால் என்ன கொடுப்பார்கள்?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. வழக்கமான சிகிச்சை தொடரும் என்று படிவத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது.

புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் குறித்த இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பதையும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும், படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும் என்பதையும் அறிவேன். ஆனால், நடைமுறை எப்படி இருக்கும் என்பதே என் கவலை.

இத்தகைய ஆய்வில் பங்கேற்றவர்களோ அவர்களின் குடும்பத்தினரோ இங்கிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பாதியில் விலகியவர்களை அதே வார்டில் முன்போலவே கவனித்துக்கொண்டார்களா? கூடுதல் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் கைக்காசு செலவானதா? மருந்து பலனளித்திருந்தால், ஆய்வு முடிந்த பிறகும் அது கிடைத்ததா? சாட்சியாக யாரை அழைத்தீர்கள்? படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பங்கேற்பாளர்களின் பாதுகாப்பையும் உரிமைகளையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் உள்ளது. அவர்களிடம் நேரடியாகப் பேசியவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் உதவும். அடுத்த வாரம் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.